அடித்தல் இல்லாத பக்கம்

பிப்ரவரி 12, 2024, திங்கள்

இந்த நோட்டின் முதல் தாளை இரண்டு தடவை கிழித்தாயிற்று. முதல் தடவை தேதியில் ஜனவரி என்று எழுதிவிட்டேன். இரண்டாம் தடவை ஏதோ ஒரு சொல்லில் ஒரு எழுத்து விட்டுப்போனது. நாட்குறிப்பை யார் திருத்தி மார்க் போடப் போகிறார்கள்? எனக்கு முப்பத்தைந்து வயது. சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஐசியுவில் சீனியர் நர்ஸ். ஒருத்தருக்கு மூச்சு நிற்கப் போகிற நேரத்திலும் கை நடுங்காமல் ஊசி போடுகிறவள். ஒரு எழுத்து விட்டுப்போனதற்குத் தாளைக் கிழிக்கிறேன்.

எழுதச் சொன்னது தீபிகா மேடம். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நான் போகிற இங்கிலீஷ் கோச்சிங் சென்டரில் கட்டுரைப் பயிற்சி கொடுப்பவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நான் மேடம் என்கிறேன், அவர் என்னை அக்கா என்கிறார். தினமும் அரைப் பக்கம் எதையாவது எழுதினால் கை ஓடும் என்றார். இங்கிலீஷில்தான் எழுதச் சொன்னார். நான் தமிழில் எழுதுகிறேன். தமிழிலாவது ஓடுகிறதா என்று பார்க்கலாம்.

ஓடவில்லை. இவ்வளவு எழுத ஒரு காலைப் பொழுது போய்விட்டது.

பிப்ரவரி 15

விஷயத்தை ஒரு தடவை எழுதி வைக்கிறேன். பிறகு எழுத மாட்டேன்.

இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரி வீடியோவிலேயே இன்டர்வியூ செய்து என்னை எடுத்துக்கொண்டது. ஐஇஎல்டிஎஸ் என்கிற இங்கிலீஷ் பரீட்சை மட்டும் பாக்கி. கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றும் எனக்குப் பிரச்சினையே இல்லை, ஏழுக்குக் குறைந்ததில்லை. எழுதுவதில் ஒன்பதுக்கு ஆறரை வேண்டும். போன வருடம் இரண்டு தடவை எழுதினேன். இரண்டு தடவையும் ஐந்தரை. இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. முடிப்பதில்லை. மணி அடிக்கும்போது கட்டுரை பாதியில் நிற்கிறது. மே மாதக் கடைசி வரை இடத்தைப் பிடித்து வைப்பதாக வேலைக்கு ஏற்பாடு செய்த ஏஜென்சிக்காரர் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை.

தேறினால் நான், என் வீட்டுக்காரர் தனபால், மகள் கிருத்திகா மூன்று பேரும் கிளம்பலாம். தேறாவிட்டால் ஜூனில் கிருத்திகாவை ஆறாம் வகுப்புக்கு ஹாஸ்டல் பள்ளியில் சேர்ப்பது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. நாமக்கல் பக்கம் இருக்கிற பள்ளி. நான் ப்ளஸ் டூ படித்த அதே பள்ளி.

தனபாலைக் குறை சொல்ல முடியாது. சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார், வீடு திரும்ப ஒன்பது மணியாகும். எனக்கு ஷிப்ட். வீட்டில் இருப்பது தனபாலின் அப்பா, என் மாமா மட்டும், அவருக்கும் ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. நேற்று சாப்பிடும்போது தனபால் மறுபடி அந்தப் பேச்சை எடுத்தார்.

"பாப்பாளை யாரு பாத்துக்கறது, சொல்லு. நீ அங்க படிச்சதுனாலதான இன்னிக்கு உன்ற சொந்தக் கால்ல நிக்கற?"

நிற்கிறேன்தான்.

பிப்ரவரி 20

இன்று வகுப்பில் எல்லோரையும் எழுதவிட்டு மேடம் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நாற்பது நிமிடம். இருநூற்றைம்பது சொல். தலைப்பு, நகர வாழ்க்கையா கிராம வாழ்க்கையா என்கிற அதே பழைய சோறு.

முதல் வரி எழுதினேன். இரண்டாவது வரியில் ஒரு சொல் தப்பாக விழுந்தது. தாளைக் கிழித்தேன். மறுபடி முதல் வரி. மூன்றாவது வரியை எழுதுவதற்கு முன்னால் முழுவதும் மனதுக்குள் எழுதிப் பார்த்தேன், பேனா காற்றில் நின்றது. எழுதினேன். ஒரு 's' விட்டுப்போனது. கிழித்தேன்.

"அக்கா, என்னங்கக்கா பண்றீங்க?" என்றார் மேடம். நிஜமாகவே பயந்து போன குரல்.

தப்பானால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே போகவேண்டியதுதானே என்றார். அடித்தால் மார்க் குறைக்க மாட்டார்கள், வெள்ளைக்காரன் அதைப் பார்ப்பதே இல்லை என்றார். சரி என்றேன். அடிக்கப் போனேன். பேனா அந்தச் சொல்லின் தலையில் போய் நின்றது. கையை யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி. பக்கத்தில் நர்சிங் முடித்த இருபத்திரண்டு வயதுப் பையன்கள் சரசரவென்று எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

கம்ப்யூட்டரில் எழுதலாமே என்று கேட்பவர்களுக்கு: எழுதினேன். முதல் தடவை அதில்தான். அங்கே அடித்தல் தெரியாது, அழித்துவிடலாம். அதனால் அழித்துக்கொண்டே இருந்தேன். பென்சில் கொடுத்தாலும் அதே கதைதான். பேனா என்பது மேடத்தின் கட்டளை.

பிப்ரவரி 25, ஞாயிறு

லீவு. துணி துவைத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் படித்த அந்த ஹாஸ்டல் பள்ளியில் தினமும் ஒரு டெஸ்ட் உண்டு. விடியற்காலையில் படிப்பு, காலையில் டெஸ்ட், மாலைக்குள் மார்க். விடையில் ஒரு அடித்தல் இருந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் திரும்ப எழுத வேண்டும், மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு. இரண்டு அடித்தல் இருந்தால் விடை முழுவதும். அடியெல்லாம் கிடையாது, சத்தம்கூடப் போட மாட்டார்கள். கெமிஸ்ட்ரி சார் நிதானமாக விளக்குவார்: அடித்தல் இருந்தால் திருத்துகிறவருக்கு எரிச்சல் வரும், எரிச்சல் வந்தால் ஒரு மார்க் போகும், ஒரு மார்க் போனால் மெடிக்கல் போகும். நாங்கள் தலையாட்டுவோம்.

என் விடைத்தாளை வகுப்பு வகுப்பாக எடுத்துப்போய்க் காட்டினார்கள். அச்சடித்த மாதிரி இருக்கிறது பார் என்று. இரண்டு வருடத்தில் ஒரு அடித்தல் இல்லை. அது எப்படி முடிந்தது என்று இப்போது புரிகிறது. அங்கே நான் ஒரு வாக்கியம்கூட நானாக எழுதவில்லை. எல்லாமே புத்தகத்தில் ஏற்கெனவே யாரோ எழுதி முடித்த வாக்கியங்கள். அதில் எப்படித் தப்பு வரும்?

மெடிக்கல் கால் மார்க்கில் போனது. அடித்தலே இல்லாமல் போனது.

மார்ச் 3

மேடம் புது விதி போட்டிருக்கிறார். ஒரு பக்கத்தில் மூன்று அடித்தலாவது இருந்தால்தான் என் கட்டுரையைத் திருத்துவாராம். சுத்தமான பக்கத்தைக் கொண்டுவந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவாராம்.

வீட்டில் எழுதி முடித்துவிட்டு, மூன்று நல்ல சொற்களைப் பார்த்து, ஸ்கேல் வைத்து அடித்துக் கொண்டுபோனேன். மேடம் கண்டுபிடித்துவிட்டார். ஸ்கேலா என்று கேட்டுவிட்டு மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போது சிரிப்பு வரவில்லை.

மார்ச் 9

கிருத்திகாவின் டீச்சர் கூப்பிட்டு விட்டார். நோட்டைக் காட்டினார். கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. பக்கத்துக்குப் பத்து இடத்தில் அடித்திருக்கிறாள். அடித்த சொல்லை நீளவட்டமாகச் சுழித்து, அதற்குக் கண், மூக்கு, மீசை எல்லாம் வைத்திருக்கிறாள். கணக்கு நோட்டில் ஒரு தப்பான பதினேழுக்குத் தொப்பி போட்டிருந்தது. வகுப்பில் முதலில் எழுதி முடிப்பது இவள்தானாம். முடித்துவிட்டு மற்றவர்களோடு வாயாடுகிறாளாம்.

டீச்சர் முன்னால் நான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் அந்த நோட்டை மறுபடி வாங்கிப் பார்த்தேன். பொறாமையாக இருந்தது. பெற்ற பெண்ணின் மேல் பொறாமைப்படுகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

தனபாலிடம் நோட்டைக் காட்டியிருக்கக் கூடாது. "ஹாஸ்டல்ல போட்டா எல்லாஞ் செரியாப் போயிரும்" என்றார்.

மார்ச் 17, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதியே ஆகவேண்டும்.

சமையலறை மேஜையில் எழுத உட்கார்ந்தேன். தலைப்பு: மிருகக்காட்சி சாலைகளை மூடிவிட வேண்டுமா. வழக்கம்போல முதல் வரியிலேயே பேனா காற்றில் நின்றது. கிருத்திகா எதிரே உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தாள். ஏன்மா எழுதாம பாத்துட்டே இருக்கற என்றாள். யோசிக்கிறேன் என்றேன். இதுல யோசிக்க என்ன இருக்குது என்றாள். சரி, நீதான் சொல்லேன் என்றேன்.

"மூடிரோணும். புலிக்கு லீவே உடறதில்லம்மா."

அதை அப்படியே இங்கிலீஷில் எழுதினேன். எழுதும்போதே நின்றேன், சொல் சரியா என்று. அவள் பச்சை ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக்கொண்டு குனிந்து, நான் நின்ற சொல்லை ஒரே இழுப்பாக அடித்துவிட்டாள். ஒரு வினாடி அவளை அறைந்திருப்பேன். அவள் அந்த அடித்தலுக்கு இரண்டு கண் வைத்தாள்.

"நின்னா அடிப்பேன்" என்றாள்.

அப்புறம் அதுவே விளையாட்டாகிவிட்டது. நான் நின்றால் பச்சை பேனா வரும். வராமல் இருக்க ஓட வேண்டும். குரங்குக்கு வெட்கமாக இருக்கும் என்றாள், எழுதினேன். டிக்கெட் வாங்கி நாம் கூண்டுக்குள் போய் நின்றால் மான் வந்து பார்க்குமா என்றாள், அதையும் எழுதினேன். அவளுக்குப் பயந்து நானாகவே ஒரு சொல்லை அடித்தேன். அடித்துவிட்டு நின்று பார்க்கக்கூட நேரமில்லை.

நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. என் வாழ்க்கையில் முதல் தடவை. பக்கம் முழுக்கப் பச்சை மூஞ்சிகள்.

மாமா ரூமிலிருந்து வந்து, "ஏனம்மணி, சிரிச்சுட்டுக் கெடக்கறீங்க, என்ன சமாச்சாரம்" என்று கேட்டார். பரீட்சைக்குப் படிக்கிறோம் தாத்தா என்றாள் அவள்.

மார்ச் 19

மேடம் அந்தக் கட்டுரையை இரண்டு தடவை படித்தார். புலிக்கு லீவு என்கிற இடத்தில் பக்கத்தில் ஒரு டிக். ஆறரை தரலாம் என்றார்.

ஆறரை!

மார்ச் 26

பங்குனி உத்திரம் முடிந்தும் ஊரில் பறைச் சத்தம் அடங்கவில்லை. காலை ஷிப்ட் முடிந்து வந்து தினமும் கிருத்திகாவோடு ஒரு கட்டுரை. அவளுக்கு முழுப் பரீட்சை வருகிறது, அவளும் படிக்க வேண்டும். அவள் கருத்து சொல்வது, நான் எழுதுவது, நின்றால் பச்சை. செல்போன் வேண்டுமா என்ற தலைப்பில் அவள் கருத்து என் கருத்துக்கு நேர் எதிர். பரீட்சைக்காக விட்டுக்கொடுத்தேன்.

ஆனால் அவள் இல்லாமல் வகுப்பில் எழுதும்போது மறுபடி பாதியில் நிற்கிறேன். அங்கே பச்சை பேனா இல்லை. நான் இப்போது தாளைக் கிழிப்பதில்லை, அதுவே பெரிய முன்னேற்றம் என்கிறார் மேடம். முன்னேற்றம் என்று சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஏப்ரல் 7

என்னோடு வேலை பார்க்கிற, அதே ஏஜென்சியில் பதிந்த சித்ரா போன தடவையே தேறிவிட்டாள். விசா வந்துவிட்டதாம். இன்று ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் மைசூர்பாக் கொடுத்தாள். நீயும் வந்துருவீங்கக்கா என்றாள். நீயும் என்று ஆரம்பித்து ங்கக்கா என்று முடித்தாள், பாவம், அவளுக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

மைசூர்பாக்கைக் கிருத்திகாவுக்குக் கொண்டுவந்தேன். லண்டனில் மைசூர்பாக் கிடைக்குமா என்று கேட்டாள்.

ஏப்ரல் 12

தனபால் பள்ளியில் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். இடம் இருக்கிறதாம். பழைய மாணவியின் பெண் என்றதும் நுழைவுத் தேர்வே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். என் பெயரைச் சொன்னதும் ஆபீஸில் இருந்த ஒருத்தர் எழுந்து நின்று, அந்தக் கையெழுத்துப் பொண்ணுங்களா என்று கேட்டாராம். தனபாலுக்கு அதில் அவ்வளவு பெருமை. மூன்று தடவை சொன்னார்.

அவளை அனுப்ப வேண்டாம் என்று நேராகச் சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை? சொன்னால் ஏன் என்று கேட்பார். அடிச்சாங்களா, பட்டினி போட்டாங்களா என்று கேட்பார். இல்லை. நல்ல சோறு போட்டார்கள். நல்ல மார்க் வாங்கினேன். வேலையில் இருக்கிறேன். எதைக் காட்டி வேண்டாம் என்பேன்? பேனா காற்றில் நிற்பதையா?

ஏப்ரல் 19

ஓட்டுப் போட்டுவிட்டு வந்து ஒரு கட்டுரை. வெயிலில் கை வியர்த்துத் தாள் நைந்துவிட்டது. கிருத்திகா இல்லாமல் தனியாக எழுதினேன். முடித்தேன். நான்கு அடித்தல். நான்கும் நானே அடித்தது.

முடித்தேன் என்று இரண்டாவது தடவை எழுதிப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

கோயம்புத்தூர். நாளைக்குப் பரீட்சை. தனபாலின் அத்தை வீட்டில் தங்கியிருக்கிறோம், நானும் அவரும். கிருத்திகா தாத்தாவோடு. கிளம்பும்போது பச்சை ஸ்கெட்ச் பேனாவை என் பையில் போட்டாள். உள்ளே விட மாட்டார்கள் என்று சொன்னேன். "பையில இருந்தாப் போதும்மா, அது பாத்துக்கும்" என்றாள்.

ஏப்ரல் 27

எழுதிவிட்டேன். எப்படி எழுதினாய் என்று தனபால் கேட்டார். முடித்தேன் என்றேன். அவருக்குச் சந்தோஷம், காந்திபுரத்தில் இறங்கி பிரியாணி வாங்கிக் கொடுத்தார். சாப்பிட்டேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

முதலில் வந்த, வரைபடத்தைப் பார்த்து எழுதும் கேள்வியை நேரத்தில் முடித்தேன். பிறகு கட்டுரை. வேலைக்குப் போகிறவர்கள் ஒரே இடத்தில் நீண்ட காலம் இருப்பது நல்லதா என்று தலைப்பு. நிற்கவில்லை. மனதுக்குள் பச்சை பேனாவை நிறுத்திவைத்துக்கொண்டு ஓடினேன். தப்பு விழுந்த இடத்தில் ஒரே கோடு, மேலே போ. ஆறேழு இடம் இருக்கும். முடிவுப் பத்தியும் எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் பன்னிரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது. ஹாலில் எல்லோரும் குனிந்திருந்தார்கள். நான் மட்டும் முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அங்கேயே பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டும்.

படித்துப் பார்க்கலாம் என்று தாளைப் பார்த்தேன். படிக்கவில்லை, பார்த்தேன். அந்த அடித்தல்கள். என் பக்கமா இது? இதை எப்படி இன்னொருவர் கையில் கொடுப்பது? நேரம்தான் இருக்கிறதே, சட்டென்று ஒரு நல்ல பிரதி எடுத்துக் கொடுத்துவிடலாமே என்று தோன்றியது. அது யோசனைகூட இல்லை. கை தானாக உயர்ந்து, கண்காணிப்பாளர் அம்மாவிடம் இன்னொரு தாள் கேட்டது.

எழுத ஆரம்பித்தேன். பார்த்து எழுதுவது எனக்குக் கைவந்த கலை. அச்சு மாதிரி விழுந்தது. முதல் பத்தி. இரண்டாவது பத்தி. அவ்வளவு அழகாக இருந்தது. அப்போது இன்னொன்று ஞாபகம் வந்தது. ஒரே கேள்விக்கு இரண்டு விடை இருக்கக் கூடாது. ரஃப் ஒர்க் என்றால் குறுக்கே பெரிதாகக் கோடு போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் முதலில் இருப்பதைத்தான் திருத்துவார்கள். பள்ளியில் சொல்லிக் கொடுத்தது. நான் முடித்து வைத்திருந்த கட்டுரையை எடுத்து, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கோடு போட்டேன். இன்னொரு கோடு. ஒரு சொல்லை அடிக்க இரண்டு மாதம் பழகிய கை, ஒரு கட்டுரையையே அடிக்க ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

மூன்றாவது பத்தியின் நடுவில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

எழுந்து போய் அந்த அம்மாவிடம், கோடு போட்ட அந்தக் கட்டுரையையே திருத்தச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதில் நான் ஒன்றும் செய்ய முடியாதுங்க, தாளைக் கொடுத்துட்டு உட்காருங்க என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

சே. என்ன ஜென்மம் நான்? பன்னிரண்டு நிமிஷம் சும்மா உக்காரத் தெரியலயே. சும்மா உக்காந்திருந்தாப் போதும். ஒண்ணுமே செய்ய வேண்டாம். அதுகூட முடியலயே எனக்கு.

மே 2

கிருத்திகா கேட்டாள், எத்தனை அடித்தல் என்று. நிறைய என்றேன். கை தட்டினாள்.

மே 10, வெள்ளி

எழுதுவது: ஐந்தரை.

மே 11

மற்ற மூன்றும் ஏழரை. தீபிகா மேடம் போன் செய்தார். என்னங்கக்கா ஆச்சு, அவ்வளவு நல்லா எழுதுனீங்களே என்றார். சொன்னேன். பிறகு ஜூலையில் ஒரு தேதி இருக்கிறது என்றார். ஜூலையில் எனக்கு எதற்கு?

ஏஜென்சிக்காரர் அடுத்த வருடம் பார்க்கலாம் மேடம் என்றார். அவர் குரலில் ஏற்கெனவே வேறு ஒருத்தருடைய பைல் திறந்திருந்தது.

மே 14

தனபாலிடம் கடைசியாக ஒரு தடவை பேசினேன். அந்தப் பள்ளி வேண்டாம், இங்கேயே பக்கத்தில் போடலாம் என்றேன். ஏன் என்றார். எனக்கு என்ன நடந்தது என்று, அந்தப் பரீட்சை ஹாலில் நடந்ததையெல்லாம் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அவர் கேட்டார். நன்றாகவே கேட்டார். தலையைத் தடவிக் கொடுத்தார்.

"அது உன்ற பதட்டம் புள்ள. அதுக்குப் பள்ளிக்கூடம் என்ன பண்ணும்? நாஞ்சொல்றதக் கேளு. நம்மளுக்குத்தான் இல்லீன்னு ஆகிப்போச்சு. பாப்பாளாச்சும் நல்லாப் படிக்கட்டும்."

மாமா வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பொட்டப்புள்ளய இத்தன சின்ன வயசுல அனுப்பறதா என்று முனகினார். ஒரு கணம் நம்பிக்கை வந்தது. பிறகு அவரும், "எனக்கென்ன தெரியும், படிச்சவிய நீங்க பாத்துச் செய்யுங்க" என்று எழுந்து போய்விட்டார்.

நான் இன்னும் உறுதியாக நின்றிருக்கலாம். நின்றால் யார் பார்த்துக்கொள்வது என்று கேட்பார். வேலையை விடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஐசியு இல்லாமல் இந்த வீட்டில் நான் என்ன செய்வேன் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதையும் எழுதி வைக்கிறேன்.

மே 31

இன்றோடு அந்த இடம் போயிற்று. சித்ரா விமான நிலையத்திலிருந்து போட்டோ அனுப்பியிருக்கிறாள். நைட் ட்யூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது பார்த்தேன். வழியில் மகுடஞ்சாவடி தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 10, திங்கள்

விட்டுவிட்டு வந்தோம்.

ட்ரங்குப் பெட்டி, பக்கெட், மூன்று செட் யூனிபார்ம். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கட்டில் மேல் ஏறி ஜன்னலிலிருந்து என்ன தெரிகிறது என்று பார்த்தாள். கோழிப்பண்ணை தெரியுதும்மா என்றாள். நான் படித்தபோது எனக்கும் அதே கோழிப்பண்ணைதான் தெரிந்தது. வேறு கட்டடம், அதே நாற்றம்.

வார்டன் செல்போன், கலர் பேனா எதுவும் கூடாது என்று பையைப் பிரித்துப் பார்த்தார். பச்சை ஸ்கெட்ச் பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தார்.

காரில் திரும்பும்போது தனபால் அழுதார். ஓரமாக நிறுத்திவிட்டு அழுதார். நான் அழவில்லை.

ஜூன் 23

வீட்டில் சத்தமே இல்லை. மாமா டிவியை வேண்டுமென்றே அலற வைக்கிறார்.

ஜூலை 7, ஞாயிறு

முதல் பார்வையாளர் நாள். இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு இடத்தில் அடித்துவிட்டேன். கிழிக்கப் போவதில்லை. கிழித்து என்ன ஆகப்போகிறது?

மைதானத்து மரத்தடியில் எல்லாக் குடும்பங்களும் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கோழி வறுவலும் பணியாரமும் கொண்டுபோயிருந்தேன். இரட்டைச் சடை போட்டுக்கொண்டு, நோட்டை அணைத்துக்கொண்டு வந்தாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். ஓடி வருவாள் என்று பார்த்தேன், வரிசையில் நடந்து வந்தாள். தாத்தாவுக்குக் கண் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பணியாரத்தை ஒன்றுதான் தின்றாள். பிறகு நோட்டைத் திறந்து என் மடியில் வைத்தாள்.

"பாருங்கம்மா. ஒரு அடித்தல்கூட இல்ல."

அவள் என்னை நீங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அங்கே சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

புரட்டினேன். ஒரு மாதத்தில் எழுத்து நேராகிவிட்டது. எல்லாம் ஒரே உயரம், ஒரே சாய்வு. நடுவிரலின் ஓரத்தில் பேனா அழுத்திய இடம் சிவந்து தடித்திருந்தது, எனக்கு இருக்கிற அதே இடம். கண், மூக்கு, மீசை, தொப்பி எதுவும் எங்கேயும் இல்லை. எட்டிப் பார்த்த தனபால், "அடேங்கப்பா, அப்படியே அம்மா கையெழுத்து" என்றார். அவள் முகம் மலர்ந்தது. டெஸ்டில் முழுவதும் எழுதி முடிக்கிறாயா என்று கேட்டேன். கடைசிக் கேள்விக்கு நேரம் பத்தறதில்லம்மா, பழகிப்போயிருமாம் என்றாள்.

பச்சை ஸ்கெட்ச் பேனா அன்றிலிருந்து என் பையிலேயே கிடந்தது. அதை எடுத்தேன். அவள் பார்த்தாள். சிரிப்பாள் என்றுதான் எடுத்தேன். மூடியைத் திறந்து, நின்னா அடிப்பேன் என்று சொல்லி, நோட்டை நோக்கிக் கொண்டுபோனேன்.

நோட்டைப் பிடுங்கி இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அமுக்கிக்கொண்டாள்.

"வேண்டாம்மா. பக்கம் பூராவும் மறுபடி எழுதோணும்."

கோபமாகச் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. தெரியாதவர்களுக்கு ஒரு விதியை எடுத்துச் சொல்வது போலச் சொன்னாள். என்னிடம்.

பேனாவை மூடிப் பையில் போட்டேன். அழகா இருக்குது சாமி, இப்படியே எழுது என்றேன்.